ஆளியை அழுத்தியதும் முதலில் விழிப்பது எது?

கணினியின் ஆளியை அழுத்துகிறோம். சில விநாடிகளில் திரை ஒளிர்கிறது. அதற்கிடையில், பணிசெயல் முறைமை எழும்புவதற்கு முன்பே, தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் உறங்கும் மென்பொருள் விழித்து வேலை செய்கிறது. தொடக்க நிலைப்பொருள் என்பது அதுதான். பயாஸ் என்ற பழைய பெயர் பெற்றோர் பலருக்கும் தெரிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய கணினியானாலும், இதனுள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் அதை மூடியே தருகிறார்கள்.

அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் இது பெரிய தலையிடியாயிற்று. அங்கே பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கினார்கள். ஒன்றின் பயாஸ் அமைப்பை மாற்றுவதென்றாலும் ஒருவர் விசைப்பலகையும் திரையுமாக அதனருகே போக வேண்டியிருந்தது. 1999 இல் ரொன் மினிக் அங்கு லினக்ஸ்பயாஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தைத் தொடங்கினார். 2008 இல் அதன் பெயர் கோர்பூட் ஆயிற்று.

கோர்பூட் ஒரே நீண்ட நிரல் அன்று. தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்தது. முதற்கட்டம் மிகச் சிறியது. முறைவழியாக்கியை எழுப்பி அடுத்த கட்டத்தை அழைப்பதே அதன் வேலை. அடுத்ததுதான் சுவையானது. முதன்மை நினைவகத்தை இயங்கச் செய்வது அதன் பொறுப்பு. ஆனால் நினைவகம் இன்னும் இயங்கவில்லையே, அந்த நிரல் தன் கணக்குகளை எங்கே எழுதி வைக்கும்? முறைவழியாக்கியின் உள்ளேயிருக்கும் பதுக்கு நினைவகத்தைத் தற்காலிகமாக அதற்குப் பயன்படுத்துகிறார்கள். முன்னொரு காலத்தில் அந்த வசதியையும் நாடாமல், பதிவகங்களை மட்டுமே கொண்டு இயங்கும் நிரலை ஆக்கித்தரும் தொகுப்பான் ஒன்றையே எழுதினார்கள். அந்தப் பிடிவாதத்தை எண்ணி வியக்காமலிருக்க முடியவில்லை!

நினைவகம் தயாரானதும் மூன்றாம் கட்டம் ஏனைய வன்பொருள்களைச் சீர்செய்கிறது. பிறகு, வீட்டைக் கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டு விலகுவதுபோல, கோர்பூட் விலகிக்கொள்கிறது. பணிசெயல் முறைமையை ஏற்றுவது 'பேலோட்' எனப்படும் வேறொரு நிரல். பழைய பயாஸ் போன்று வேண்டுமானால் சீபயாஸ், இல்லையேல் கிரப், லினக்ஸின் கருவையே நேரடியாக வைப்பவர்களும் உண்டு. எதைத் தெரிவு செய்தாலும், நினைவகத்தைத் தயார்செய்யும் பகுதியில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. கூகிளின் குரோம்புக் மடிகணினிகளிலும் கோர்பூட் இயங்குகிறது.

ஆயினும் எல்லாமே திறந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இன்டெலின் புதிய முறைவழியாக்கிகளில் நினைவகத்தைத் தயார்செய்யும் பகுதியை அந்நிறுவனம் மூடிய கோப்பாகவே வழங்குகிறது. கோர்பூட் அதை அப்படியே சேர்த்துக்கொள்கிறது. கட்டங்கள் பிரிந்திருப்பதால், மூடியிருக்கும் பகுதி எதுவென்று விரல் நீட்டிக் காட்டவாவது முடிகிறது.