சொல்லாமல் சொன்ன கலைஞர்

நுழையும்முன்

பேசுவதைப் போலவே பேசாமல் உணர்த்துவதும் ஒரு கலை. முகக்குறிப்பையும் உடலசைவையும் மொழியாகக் கொண்டு உலக மக்களைச் சிரிக்கவும் கண்ணீர் சிந்தவும் வைத்தவர் சார்லி சாப்ளின். திரைப்படம் பேசத் தொடங்கிய பின்னரும் அவர் நெடுநாள் மௌனத்தையே விரும்பினார். அவர் ஏன் பேச மறுத்தார்? பின்னர் ஏன் பேசினார்?

உடைந்த குரல்

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். லண்டனின் தென்பகுதியில், வறியோர் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தார். பெற்றோர் இருவரும் இசையரங்குகளில் பாடிய கலைஞர்கள். தந்தை குடும்பத்தைப் பிரிந்தார். குடிப்பழக்கத்தால் இளவயதிலேயே மறைந்தார். தாய் ஹன்னாவின் பாட்டே பிள்ளைகளுக்குச் சோறிட்டது.

சாப்ளினுக்கு ஐந்து வயதானபோது, ஆல்டர்ஷாட் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் திடீரென உடைந்தது. படைவீரர்கள் நிறைந்த அரங்கு எள்ளி நகையாடியது. தாய்க்கு மாற்றாகச் சிறுவன் மேடையேற்றப்பட்டான். அவன் பாடத் தொடங்கியதும் நாணயங்கள் வந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கிய பிறகே பாடுவேன் என்று அவன் அறிவிக்க, அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்துத் தாயின் பாடல் ஒன்றைப் பாடியபோது, அவர் குரல் உடைந்த விதத்தையும் ஏதுமறியாமல் அப்படியே நடித்துக் காட்டினான். சிரிப்பு மேலும் பெருகியது. அவ்விரவோடு தாயின் மேடைவாழ்வு முடிந்தது. இந்நிகழ்வைத் தம் தன்வரலாற்றில் சாப்ளின் விவரித்துள்ளார்.

வறுமை முற்றியது. ஏழு வயதில் சாப்ளின் லாம்பெத் பகுதியின் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டார். தாய் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மரக்காலணி நடனக்குழு, நாடக மேடை எனச் சிறுவயதிலேயே உழைத்த சாப்ளின், 1908இல் பிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக்குழுவில் இணைந்தார். சொற்களைவிட உடலசைவையே பெரிதும் நம்பிய அக்குழுவே அவருக்குப் பயிற்சிக்களம் ஆனது.

நாடோடி பிறந்தான்

கார்னோ குழுவினரோடு அமெரிக்கா சென்ற சாப்ளின், 1913இல் கீஸ்டோன் திரைப்பட நிறுவனத்தில் ஒப்பந்தமானார். அடுத்த ஆண்டில் நாடோடி வேடம் திரையில் தோன்றியது. தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேலங்கி, சிறிய தொப்பி, பெரிய காலணி, குறுமீசை, கைத்தடி ஆகியவை அவ்வேடத்தின் அடையாளங்கள். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்வுடைகளுக்குள் இருந்தவன், வயிறு காய்ந்தாலும் கனவான் போல நடந்துகொள்ளும் ஓர் ஏழை. ‘தி கோல்டு ரஷ்’ (1925) படத்தில் பசி தாளாமல் வேகவைத்த காலணியை, விருந்துணவு உண்பவனைப் போல அவன் நயமாக உண்கிறான். நகைப்பின் அடியில் பசியின் கொடுமை தெரிகிறது.

மௌனத்தின் மொழி

1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தபின், பேசும் படங்கள் விரைந்து பரவின. நாடோடியின் மெய்ப்பாடுகள் எந்நாட்டவர்க்கும் விளங்கின. ஆங்கிலம் பேசினால் அவன் அம்மொழிக்கு மட்டும் உரியவனாகிவிடுவான் எனச் சாப்ளின் அஞ்சினார். எனவே, ‘சிட்டி லைட்ஸ்’ (1931) படத்தை உரையாடலின்றியே உருவாக்கினார். அதற்கு இசையும் அமைத்தார்.

அப்படத்தில், பார்வையற்ற பூக்காரப் பெண் நாடோடியைச் செல்வந்தனாகக் கருதவேண்டும். பேச்சில்லாமல் இதை உணர்த்துவது எப்படி? இதற்கு விடை காணும்வரை ஒரே காட்சியை முந்நூறு முறைக்கும் மேல் படமாக்கினார். இறுதியில், நெரிசலில் நிற்கும் ஒரு மகிழுந்துக்குள் புகுந்து நாடோடி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்ட பெண், அவனை அவ்வண்டியின் உரிமையாளன் என எண்ணுகிறாள். காதுக்குக் கேட்காத ஓசையைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார் சாப்ளின்.

‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் நாடோடி தொழிற்சாலைத் தொழிலாளி. திருகாணிகளை ஓயாமல் முடுக்கிய அவன் கைகள், வேலையை நிறுத்திய பின்னும் அதே அசைவைச் செய்கின்றன. இப்படத்தில் பேச்சொலி பெரும்பாலும் கருவிகளின் வழியாகவே வருகிறது. நாடோடியின் குரலும் முதன்முறையாக ஒலிக்கிறது. ஆனால், அவன் பாடுவது எம்மொழியிலும் பொருள் தராத சொற்களை!

பேசவேண்டிய வேளை

ஐரோப்பாவில் நாசிசம் தலைதூக்கியது. சாப்ளின் பிறந்து நான்கு நாள்களுக்குப் பின் பிறந்த இட்லர், யூதர்களை வேட்டையாடினார். ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) படத்தில் சர்வாதிகாரி, எளிய யூத முடிதிருத்துநர் என்னும் இரு வேடங்களையும் சாப்ளினே ஏற்றார். முடிவில், சர்வாதிகாரி எனத் தவறாகக் கருதப்பட்டு ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்படும் முடிதிருத்துநர், வெறுப்பை விடுத்து மனிதநேயத்தைப் போற்றுமாறு உலகை வேண்டுகிறார். நெடுநாள் காத்த மௌனத்தைச் சாப்ளின் கலைத்தது இதற்காகவே. வதைமுகாம்களின் முழுக் கொடுமையை அறிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்கவே இயலாது எனப் பின்னாளில் எழுதினார்.

தெரிந்து தெளிவோம்

வட்டமேசை மாநாட்டிற்காக 1931இல் லண்டன் சென்றிருந்த காந்தியடிகளைச் சாப்ளின் சந்தித்தார். இயந்திரங்களைக் காந்தியடிகள் எதிர்ப்பது ஏன் என வினவினார். இயந்திரங்களால் இந்தியா இங்கிலாந்தைச் சார்ந்திருக்க நேர்ந்ததைக் காந்தியடிகள் விளக்கினார்.

சொற்கள் போதாத மேடை

பேசியதற்கும் விலை இருந்தது. பொதுவுடைமைச் சார்பாளர் என ஐயுற்ற அமெரிக்க அரசு, 1952இல் அவர் லண்டனுக்குப் புறப்பட்டதும், நாடு திரும்பும் அனுமதியை நீக்கியது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1972இல் அதே அமெரிக்கா அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. அரங்கம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. கண்கலங்கிய முதிய கலைஞர், அவ்வேளையில் சொற்கள் வலுவிழந்து நிற்பதாகக் கூறிச் சுருக்கமாகவே பேசினார். 1977 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

தாயின் உடைந்த குரலுக்கு மாற்றாக மேடையேறிய சிறுவன், குரலற்ற எளியோர் அனைவரின் வாழ்வையும் திரையில் காட்டினான். அவன் நாடோடி பேசவில்லை. ஆயினும், அவனைப் புரிந்துகொள்ளாத நாடில்லை.