குமாஸ்தா உட்கார்ந்த நாற்காலி லட்சக்கணக்கில் ஏலம்!

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

நம் ஊரில் ஏலம் என்றால் இப்படித்தான் கூவுவார்கள். மூன்றாம் தரம் சொல்லி முடித்துவிட்டால், பொருள் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

லண்டன், பாரீஸ், நியூயார்க் நகரங்களில் வேறு வழக்கம். ஏலக்காரர் கையில் சின்ன மரச் சுத்தியல் இருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை என்றால், சுத்தியலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். "டொக்!" அவ்வளவுதான். வியாபாரம் முடிந்தது.

அப்படி ஓர் ஏலக் கூடத்தில் மேடைமீது ஒரு நாற்காலி வைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே பணக்காரர்கள். டெலிபோனில் வேறு சில பணக்காரர்கள். விலை ஏறிக்கொண்டே போகிறது. லட்சத்தைத் தாண்டுகிறது. பல லட்சத்தையும் தாண்டுகிறது.

அது யார் உட்கார்ந்த நாற்காலி? மகாராஜாவா? மந்திரியா?

இல்லை. நம் நாட்டு அரசாங்க ஆபீஸ் ஒன்றில், பைல் கட்டுகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்த நாற்காலி! "உதவாது" என்று மொட்டை மாடியில் தூக்கிப் போட்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்த நாற்காலி!

இது கதை அல்ல. சண்டிகார் நகரத்தில் நடந்தது.

புதிய நகரம் பிறந்தது

1947-ல் நாடு விடுதலை பெற்றது. கூடவே பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை.

அதனால் இமயமலை அடிவாரத்தில் ஒரு புதிய நகரம் கட்ட முடிவாயிற்று. பிரதமர் நேரு இதில் மிகுந்த அக்கறை காட்டினார். பழமையின் சாயல் இல்லாத புது நகரமாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த கட்டடக்கலை மேதை லெ கார்பூசியே அழைக்கப்பட்டார். அவருடன் அவருடைய உறவினர் பியர் ஜென்னரே வந்தார். லெ கார்பூசியே அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஜென்னரே அப்படி அல்ல. 1951-ல் வந்தவர், 1965 வரை சண்டிகாரிலேயே தங்கி வேலை பார்த்தார்.

1953 அக்டோபர் 7-ந் தேதி ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் நகரத்தைத் திறந்து வைத்தார்.

நகரம் தயார். செக்ரடேரியட், ஐகோர்ட்டு, சட்டசபை, பல்கலைக்கழகம், மாணவர் விடுதிகள், அரசாங்க ஊழியர் வீடுகள் என்று கட்டடங்கள் எழுந்தன. உள்ளே உட்கார நாற்காலி வேண்டாமா? எழுத மேஜை வேண்டாமா? பைல் வைக்க அலமாரி வேண்டாமா?

ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும். உள்ளூர்த் தச்சர்களே செய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கவிழ்த்த கம்பாஸ்

இந்த வேலையை ஜென்னரே எடுத்துக்கொண்டார். அவரோடு யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக்கலை நிபுணர்களும் உழைத்தார்கள்.

தேக்கு மரத்தில் சட்டம். சிலவற்றுக்குச் சீசம் மரம். உட்காரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் பிரம்புப் பின்னல். கால்கள் மட்டும் புது மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டம் போடுகிற கம்பாசை விரித்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? நாற்காலியின் இரண்டு பக்கமும் கால்கள் அப்படி இருந்தன.

அலங்காரம் இல்லை. பூ வேலை இல்லை. சிங்க முகம், யானைத் துதிக்கை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

தேக்கு, கறையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் மசியாது. பிரம்புப் பின்னலில் காற்றுப் புகும்; கோடையில் உட்கார்ந்தாலும் முதுகு வேர்த்துக் கொட்டாது. கால்கள் நேர்ப் பலகைகளால் ஆனவை. சாதாரணத் தச்சுப் பட்டறையிலேயே அறுத்துப் பொருத்தலாம். பின்னல் அறுந்துபோனால் மறுபடி பின்னிக்கொள்ளலாம்.

எந்த ஆபீஸ் நாற்காலி எது என்று குழம்பாமல் இருக்க, மரத்தின்மேல் பெயின்டால் எழுத்தும் எண்ணும் போட்டார்கள். "இது இன்ன ஆபீசைச் சேர்ந்தது, இத்தனாம் நம்பர்" என்று கணக்கு வைப்பதற்காக. அந்தப் பெயின்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

மாடியில் குவிந்த குப்பை

ஆண்டுகள் ஓடின. பின்னல் அறுந்தது. கால் ஆடியது. பிளாஸ்டிக் நாற்காலியும் இரும்பு மேஜையும் வந்தன. "இந்தப் பழசை யார் பழுது பார்த்துக்கொண்டிருப்பது?" என்று ஆபீஸ்கள் ஒதுக்கின.

உடைந்த நாற்காலிகள் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் மலைபோல் குவிந்தன. பிறகு சர்க்கார் வழக்கப்படி "கண்டம்" செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தன. உள்ளூர்ப் பழைய மரச் சாமான் வியாபாரிகள் கொத்துக் கொத்தாக எடுத்தார்கள். ஒரு நாற்காலிக்குச் சில நூறு ரூபாய் கிடைத்தாலே பெரிது. அடுப்புக்குப் போனவையும் உண்டு.

1990-களின் கடைசியில் பிரான்சிலிருந்து சில கலைப்பொருள் வியாபாரிகள் சண்டிகாருக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியவில்லை. லெ கார்பூசியே, ஜென்னரே என்ற பெயர்கள் தெரிந்தன.

அவர்கள் திருடவில்லை. ஏலத்தில் நின்று, பணம் கட்டி, ரசீது வாங்கினார்கள். கப்பலில் ஏற்றினார்கள். தங்கள் ஊரில் அழுக்கைத் துடைத்து, பழுது பார்த்து, புதுப் பிரம்பு பின்னி, படம் எடுத்து, புத்தகம் போட்டு, கண்காட்சி வைத்தார்கள்.

அதன் பிறகுதான் "டொக்" சத்தம் கேட்கத் தொடங்கியது!

தனி நாற்காலிகள் லட்சக்கணக்கில் விலை போயின. செட்டாகச் சேர்ந்தவை ஒரு கோடி ரூபாயையும் எட்டின. நகரத்தின் வரைபடம் வார்க்கப்பட்ட சாக்கடை மூடி, அதாவது தெருவில் காலால் மிதித்துப் போகிற இரும்பு மூடி, அதுவும்கூட வெளிநாட்டு ஏலத்துக்குப் போயிற்று!

ஏலம் நடப்பது எப்படி?

பெரிய ஏலக் கம்பெனிகள் இன்று நேற்று வந்தவை அல்ல. லண்டனில் தொடங்கிய சோதபி கம்பெனி 1744-லும், கிறிஸ்டி கம்பெனி 1766-லும் பிறந்தவை.

ஏலத்துக்கு முன்பே ஒரு விலைப் பட்டியல் புத்தகம் அச்சாகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு "லாட்" நம்பர், படம், வரலாறு, "இவ்வளவிலிருந்து இவ்வளவுவரை போகலாம்" என்று ஒரு மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் ரகசியமாக ஒரு குறைந்த விலையும் சொல்லி வைக்கலாம். அதற்குக் கீழே கேட்டால் பொருள் விற்கப்படாது.

சுத்தியல் விழுந்த விலை மட்டும் கொடுத்தால் போதாது. வாங்குகிறவர் அதற்கு மேல் கம்பெனிக்குத் தனிக் கமிஷன் கட்ட வேண்டும். விற்பவரிடமும் கமிஷன் உண்டு. யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை!

விலையை ஏற்றுவது எது? மரமா? வெறும் மரத்துக்கு அவ்வளவு விலை கிடையாது. "இது யார் செய்தது, எங்கே இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது" என்ற பூர்வோத்தரம்தான் விலையை ஏற்றுகிறது. அந்தப் பூர்வோத்தரத்துக்குச் சாட்சி வேண்டும்.

இங்கேதான் அந்தப் பெயின்ட் எழுத்து வருகிறது! ஆபீஸ் பியூன் நாற்காலியை எண்ணுவதற்காகப் போட்ட எழுத்து, "இது அசல் சண்டிகார் நாற்காலிதான்" என்பதற்கு அடையாளமாகிவிட்டது. கோணல் மாணலான அந்த எழுத்தைச் சுரண்டாமல் அப்படியே காப்பாற்றுகிறார்கள். அசலுக்குக் கிராக்கி வந்ததால் போலியும் வந்துவிட்டது. இப்போது எழுத்தையும் போலியாக எழுதுகிற ஆசாமிகள் இருக்கக் கூடும் அல்லவா? ஆகையால் நிபுணர்கள் எழுத்தோடு மரத்தையும், ஆணியையும், தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் இந்த நாற்காலிகளின் பயணத்தைத் திரைப்படமாகவே எடுத்தார். படம் பணக்காரர் மாளிகையில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல் என்று பின்னோக்கிப் போய், சண்டிகாரில் முடியும். வேடிக்கை என்னவென்றால், 2013 அக்டோபரில் அந்தப் படமே லண்டனில் ஏலம் விடப்பட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

"நம் நாட்டுப் பொக்கிஷம் வெளியே போகலாமா? சட்டம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம்.

சட்டம் இருக்கிறது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிலை, ஓவியம், கைவினைப் பொருள் முதலியவற்றைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மதிப்பு வாய்ந்த கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும்.

சண்டிகார் நாற்காலிக்கோ அப்போது ஐம்பது வயதுகூட நிறையவில்லை! சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருள் அல்ல. வெறும் பழைய நாற்காலி. ஆகவே முன்பு முறையாக ஏலம் எடுத்துப் போனவற்றைத் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

செய்தி பரவி, மனக்கொதிப்பு எழுந்த பிறகு, 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இத்தகைய பாரம்பரியப் பொருள்களை விற்கவும் ஏலம் விடவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போட்டது. எஞ்சியவை எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். 12,793 என்று தெரிந்தது.

அதற்குள் போனவை போய்விட்டன. சில நூறு ரூபாய்க்குக் கொடுத்ததை மீண்டும் வாங்க வேண்டுமானால், இப்போது நாம் லட்சம் கொடுக்க வேண்டும்.

பெயர் இல்லாத கைகள்

ஜென்னரே உடல்நலம் கெட்டு 1965-ல் ஊர் திரும்பினார். 1967-ல் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பல் சண்டிகாருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அந்த நாற்காலிகளை அங்கே பார்க்கலாம்.

ஆனால் மரத்தை இழைத்த தச்சன் யார்? பிரம்பு பின்னிய கை யாருடையது? ஏலப் புத்தகத்தில் ஜென்னரேயின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. இவர்கள் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அன்று வாங்கிய நாள் கூலியோடு அவர்கள் கணக்கு முடிந்தது. நாற்காலி மட்டும் உலகம் சுற்றுகிறது!

உங்கள் வீட்டுப் பரணில்...

சண்டிகார் நாற்காலி நம் வீட்டில் இராது. ஆனால் தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை, பாட்டி கொண்டுவந்த சீர்ப்பெட்டி, கணக்குப்பிள்ளை மேஜை, பழைய சுவர்க் கடிகாரம் ஏதாவது ஒன்று பரணில் இருக்கும்.

எல்லாப் பழசுக்கும் லட்சம் கிடைக்காது. அந்த ஆசையை மனத்தில் வளர்க்க வேண்டாம். ஆனால் காயலான் கடைக்குப் போடுமுன் சில காரியங்கள் செய்யுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய ரசீது, கல்யாணப் போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பாக வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே புதிதாக வார்னிஷ் பூசாதீர்கள். பழைய நிறமும் எழுத்தும் முத்திரையும் போனால், சாட்சியும் போய்விடும்.

வாசலில் வந்து நிற்கும் முதல் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்த இரண்டு பேரையாவது கேளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவை இருந்தால், அவற்றைப் பதிவு செய்வது பற்றித் தொல்பொருள் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சண்டிகாரில் நாற்காலியைத் தூக்கிப் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே, பழைய பொருளை விற்குமுன் ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். இரண்டு தரம் விசாரியுங்கள். மூன்று தரம் யோசியுங்கள்.

மூன்றாம் தரம் சொன்ன பிறகு, பொருள் நம்முடையது அல்ல!