உப்பு ஏறும் மேடு

ராமநாதபுரம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காய்கறிப் பாத்தியை எந்தத் திசை பார்த்துப் போடுவது? பார் உச்சியில் ஊன்றிய விதை முளைக்கவே மாட்டேன் என்கிறதே, திசைக் கோளாறா?” கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்பதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் திசையை முடித்துவிடுவோம். யூடியூபில் இதற்கு ஆளுக்கொரு விதி, வாஸ்துவும் உண்டு. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் திசைக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே சுமார் 34 டிகிரி உயரத்தில்தான். முலாம்பழத்தை முந்திச் சந்தைக்குக் கொண்டுபோக, பாரைக் கிழக்கு மேற்காக ஓட்டி, தெற்குப் பக்கத்தைச் சாய்த்து, அந்தச் சரிவில் விதைப்பார்கள். 30 டிகிரி சாய்வுக்கு, நண்பகலில் சமதரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நேர் வெயில் கிடைக்கும். ராமநாதபுரத்தில் அதே நாட்களில் நண்பகல் சூரியன் 57 டிகிரியில் நிற்கிறது. நமக்கென்ன வெயிலுக்கா பஞ்சம்? புடலைப் பந்தலின் நிழல் கத்தரி மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தச் சரிவு இன்னொரு வேலையும் செய்கிறது.

வாய்க்காலில் விடும் தண்ணீர் பாருக்குள் பக்கவாட்டில் ஊறி, மேல்நோக்கி ஏறுகிறது. உச்சியில் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. பார் என்பது ஒரு விளக்குத் திரி. இரண்டு பக்க வாய்க்காலும் எண்ணெய். உச்சிதான் திரியின் நுனி. எண்ணெய் எரிந்து போக, கசடெல்லாம் நுனியில் கருகிச் சேர்வதுபோல உப்பு சேர்கிறது. ஒவ்வொரு பாசனமும் எண்ணெய் ஊற்றுவதுதான். அந்தக் கருகிய நுனியில் கொண்டுபோய்தான் நாம் வெண்டை விதையை ஊன்றுகிறோம்! (இன்னும் இழுத்தால் எண்ணெய் சிந்திவிடும்.) வயலின் சராசரி உப்பு, செடி தாங்கும் அளவாகவே இருக்கலாம். விதை கிடப்பதோ சராசரியில் அல்ல, மேலே ஓரிரண்டு சென்டிமீட்டரில்.

சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்றினால் உப்பு விதையைத் தாண்டி உச்சிக்குப் போய்விடும். தட்டையான அகலப் பாத்தி என்றால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசை. நடுவை உப்புக்கு விட்டுவிடலாம். ஒரு பக்க வாய்க்காலில் மட்டும் நீர் விட்டால் உப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அப்போது விதை நீர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ஊரில் உள்ள உப்புத்தன்மை ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் பெர்ன்ஸ்டீனும் ஃபயர்மேனும் 1957-இல், பாரில் உப்பு சேரும் விதத்தை அளந்து எழுதினார்கள். உப்பு மண்ணில் பாடுபட்டவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்காதா என்ன?

உப்பை உறிஞ்சும் மந்திரப் பொடி என்று சாக்கு மூட்டையில் வருவதை வாங்குமுன், ஒரு பாரில் மண்வெட்டியால் சரிவு போட்டுப் பாருங்கள். தூறல் விழும்போது மட்டும் ஜாக்கிரதை. லேசான மழை உச்சி உப்பைக் கரைத்து வேருக்கே இறக்கும். கனமழை வந்து கழுவிப் போகும் வரை, வானம் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்தாதீர்கள்.