டி.வி.டி. கருவி வாங்கப் போகிறீர்களா?

உங்கள் வீட்டு அலமாரியைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். அத்தையின் திருமணம், அண்ணனின் காதணி விழா என்று மேலே எழுதிய வட்டத் தகடுகள் இரண்டொன்று அகப்படக்கூடும். அவற்றை ஓட்டும் கருவி என்றோ பழுதாகியிருக்கும். குறைந்த விலையில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று அப்பா சொன்னால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்குத் துணை செய்யும்.

டி.வி.டி. 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. தகட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர்; கனம் 1.2 மில்லிமீட்டர். அதற்கு முன்பிருந்த குறுந்தகடும் இதே அளவுதான். ஆனால் குறுந்தகட்டில் ஏறத்தாழ 70 கோடி பைட்டுகளே அடங்கும். ஓர் அடுக்கு டி.வி.டி.யிலோ 470 கோடி பைட்டுகள்! இது எப்படி?

குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அலைநீளம் குறையக் குறைய ஒளியை மேலும் சிறு புள்ளியாகக் குவிக்கலாம். கூர்மையான பென்சிலால் பொடியெழுத்து எழுதுவது போலத்தான். குறுந்தகட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் தூரம், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான் மட்டுமே.

கடையில் வாங்கும் திரைப்படத் தகட்டில் இத்தடம் நெடுகிலும் நுண்ணிய குழிகள் இருக்கும். குழியிலும் மேட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று தணித்துக்கொள்வதால், குழி வரும்போது திரும்பும் ஒளி மங்குகிறது. ஒளி மாறும் விளிம்பு 1. மாற்றமில்லாத இடம் 0. வீட்டு விழாவைப் பதிந்த தகட்டில் குழிகளுக்குப் பதிலாகச் சாயப் பூச்சு ஒன்று உண்டு. லேசர் சுட்ட இடங்களே அங்கு குறிகள். இதை நினைவில் வையுங்கள், பிறகு பயன்படும்.

இப்போது ஒரு கணக்கு. நம் நாட்டில் வழங்கும் பி.ஏ.எல். முறையில் ஒரு படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு, நொடிக்கு 25 படம் என்றால் நொடிக்குச் சுமார் 3.1 கோடி பைட்டுகள். 470 கோடியை இதனால் வகுத்தால் இரண்டரை நிமிடம்தான் வருகிறது! முழுத் திரைப்படமும் அடங்குவது, மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சுருக்கும் 'எம்பெக்-2' முறையால்தான்.

இனிக் கடைக்குப் போவோம்.

முதலில் உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் உண்டா? எச்.டி.எம்.ஐ. துளை மட்டும்தானா? கருவியிலும் அதே இணைப்பு இருக்க வேண்டும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் மூவண்ணத் துளைகள் இல்லை.

"படத்தை உயர்தெளிவாக்கும்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். தகட்டிலுள்ளதைப் போல் சரியாக 5 மடங்கு. மிகுதியை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டுத்தான் நிரப்ப வேண்டும். தகட்டில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. இந்த நிரப்பும் வேலையை அத்தகைய தொலைக்காட்சி தானே செய்துவிடும்.

மண்டல எண்ணையும் கவனியுங்கள். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. ஐந்தாம் மண்டலத்துக்கு மட்டும் அமைத்த கருவியில், முதல் மண்டலத்துக்கென்று பூட்டிய தகடு ஓடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சோதனை. வீட்டில் பதிந்த தகட்டையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாயப் பூச்சு, அச்சிட்ட தகட்டைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதுண்டு. கடைக்காரர் போட்டுக் காட்டும் புதுப்படத் தகடு நன்றாக ஓடலாம். உங்கள் தகடு திக்கலாம். தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். தடம் உள்ளிருந்து வெளியே செல்வதால் இறுதிக் காட்சிகள் விளிம்புப் பக்கமாகவே இருக்கும்.

தகட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், ஒரே தடத்தில் தொடர்ச்சியாகப் பல பைட்டுகள் அழியும். அவற்றைக் கருவியின் பிழைதிருத்தும் முறையால் மீட்க முடியாமல் போகலாம்.

கணிப்பொறியில் டி.வி.டி. படிக்கும் பகுதி இருந்தால், பார்ப்பதற்கு வேறு கருவியே தேவையில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றை மறவாதீர்கள்: சாயப் பூச்சு வெப்பத்தாலும் வெயிலாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். மங்கிய பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைப் படிக்க இயலாது. திரைப்படத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். திருமணத்தில் ஆசி கூறிய தாத்தாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? ஓடும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.