கொழுப்பு ஈரலுக்குப் பத்தியம்தான் மருந்து!

சென்ற ஆண்டு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவருக்கு வயது 46. வங்கி வேலை, எடை 80 கிலோ. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்ததாம். அந்த அம்மாள் கைப்பையைக் கவிழ்த்தார். மேஜை நிறைய டப்பாக்கள்! மஞ்சள் சத்து கேப்ஸ்யூல், சீந்தில் மாத்திரை, கீழாநெல்லி சூரணம், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ...

"எல்லாம் ஈரலுக்கு நல்லதுன்னுதான் வாங்கினோம் டாக்டர். மூணு மாசமா விடாம சாப்பிடறார். ஆனா 58 இருந்த எஸ்.ஜி.பி.டி. இப்ப 214 ஆயிடுச்சு! நோய் முத்திடுச்சா?" என்றார் கவலையோடு.

"சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"எதுவும் இல்லை சார். அதான் மாத்திரை சாப்பிடறேனே!"

பலரும் தவறு செய்வது இங்கேதான்.

கொழுப்பு எப்படிச் சேருகிறது?

"நான் எண்ணெயே தொடறதில்லை, எனக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. உடம்பு செலவழித்தது போக மிஞ்சும் சாதம், இட்லி, மைதா, சர்க்கரை எல்லாவற்றையும் ஈரல் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே சேர்த்து வைக்கிறது. இது 5 சதவீதத்தைத் தாண்டினால் கொழுப்பு ஈரல். குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் வரும். தொப்பையும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

ஆரம்பத்தில் வலி தெரியாது. சிலருக்கு நாளடைவில் ஈரல் அழற்சி அடைந்து, தழும்பு விழுந்து, கடைசியில் சுருங்கிப் போகும். தழும்பு விழுவதற்கு முன்பே விழித்துக்கொள்ள வேண்டும்.

டப்பாக்கள் என்ன செய்யும்?

ஈரல் என்றாலே நம்மவர்களுக்குக் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். மஞ்சள் காமாலைக்குக் காலம் காலமாகக் கொடுத்து வரும் மூலிகை அது. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் அது ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றிய ஆய்வு. பிற்பாடு வேறு இடங்களில் அதே பலன் கிடைக்கவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. சித்த மருத்துவன் நானே இதைச் சொல்கிறேன்.

வைட்டமின் ஈ பற்றி 2010-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அழற்சி இருந்து, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குத் தினம் 800 யூனிட், 96 வாரம் கொடுத்தார்கள். 100-க்கு 43 பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு. தழும்பு மட்டும் குறையவில்லை. ஆனால் தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் சற்று அதிகம் என்று 2011-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஆகவே டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

மீன் எண்ணெய் ஈரல் கொழுப்பை ஓரளவு குறைக்கலாம். தழும்பை ஆற்றுவதில்லை.

மஞ்சள்? குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சள் வேறு, சத்தைப் பிழிந்து எடுத்த கேப்ஸ்யூல் வேறு. பலவற்றில் மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். மிளகுச் சத்து சேர்ந்தால் மஞ்சள் சத்து ரத்தத்தில் பல மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் ஆய்வே காட்டியிருக்கிறது. 2019-ல் இத்தாலியில், இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்ட பலருக்கு ஈரல் அழற்சி வந்து அரசு எச்சரித்தது.

சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, அது வேறு கொடியாக இருக்கலாம் என்றது. சரி, டப்பாவில் இருக்கும் பொடி எந்தக் கொடி என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பத்தியம் எங்கே?

எங்கள் வைத்தியத்தில் மருந்து பாதி, பத்தியம் பாதி. இன்று மருந்தை எடுத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிடுகிறோம். கொழுப்பு ஈரலிலோ பத்தியம்தான் முக்கால் மருந்து!

80 கிலோ எடை உள்ளவர் 4 கிலோ குறைத்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 கிலோ குறைந்தால் அழற்சி தணியும். 8 கிலோ குறைந்தால் தழும்பே ஆற வாய்ப்பு உண்டு. பட்டினி கிடந்து வேகமாக இளைக்காதீர்கள். அதுவும் ஈரலுக்கு ஆகாது. மாதம் 2 கிலோ போதும்.

* சாதத்தைப் பாதியாக்கி, காய்கறி, கீரை, பயறு வகைகளை இரட்டிப்பாக்குங்கள்.
* குளிர்பானம், பழச்சாறு, பேக்கரிப் பண்டம் வேண்டாம். பழத்தைக் கடித்தே சாப்பிடுங்கள்.
* மது அறவே கூடாது.
* தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள் வேக நடை.
* காபிப் பிரியர்கள் சர்க்கரை இல்லாமல் இரண்டு வேளை குடிக்கலாம்.

எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் தழும்பு இருக்கலாம். டாக்டரைக் கேட்டு ஃபைப்ரோஸ்கேன் செய்துகொள்ளுங்கள். தழும்பு விழுந்தவர்களுக்கு என்று 2024-ல் அமெரிக்காவில் 'ரெஸ்மெடிரோம்' என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதையும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடுதான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். அங்கேயும் பத்தியம்தான்!

அந்த வங்கிக்காரருக்கு டப்பாக்கள் அத்தனையையும் நிறுத்தி, ஈரல் நிபுணரிடம் அனுப்பினேன். வைரஸ் எதுவும் இல்லை. ஆறு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 61-க்கு இறங்கியது. எந்த டப்பா செய்த வேலை என்று சொல்ல முடியாது. ஐந்தையும் ஒன்றாகச் சாப்பிட்டால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எட்டு மாதம் கழித்து 74 கிலோவோடு வந்தார். எஸ்.ஜி.பி.டி. 34.

"இப்ப எந்த மருந்து டாக்டர்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நீங்க சமைக்கிறதுதாம்மா" என்றேன்.