நொடியில் மறையும் குமிழி, நிலைத்து நிற்கும் விதி

ஊதிய சில விநாடிகளிலேயே உடைந்துபோகும் சோப்புக் குமிழியை (சவர்க்காரக் குமிழியை) நிலையாமைக்கு அடையாளமாகக் காட்டுவது தமிழர்களுக்குப் பழக்கமான ஒன்று. மனித உடலை மழைநீர்க் குமிழிக்கு ஒப்பிட்டது நாலடியார். கே.பாலசந்தர் இயக்கிய முதல் திரைப்படமும் 1965ல் "நீர்க்குமிழி" என்ற பெயரிலேயே வெளிவந்தது.

ஆனால் அதே குமிழியைப் புகைப்படமாக எடுத்துப் பார்க்கும்போது, அதன் வடிவமும் நிறமும் அதில் தெரியும் பிம்பங்களும் உறுதியான இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்பது புலனாகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேற்கே உள்ள லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து, 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் நடந்த சிட்னி ஒலிம்பிக் பூங்காவுக்குக் கிளை ரயில் பாதை ஒன்று செல்கிறது. அப்பகுதியின் திறந்தவெளிகளில் ஊதப்படும் ஒரு குமிழியைப் படமெடுத்தால், வானமும் மரங்களும் அதில் ஒருமுறை அல்ல, இருமுறை பதிவாகும்.

இரண்டு பிம்பங்கள்

குமிழியின் முன்சுவர் குவியாடி போலச் செயல்பட்டு, காட்சியை நேராகக் காட்டுகிறது. பின்சுவரின் உட்புறமோ குழியாடி போலச் செயல்பட்டு, அதே காட்சியைத் தலைகீழாகக் காட்டுகிறது. கேமராவுடன் எதிரே நிற்பவரின் உருவமும் இவ்வாறே இருமுறை விழுவதால், குமிழியைப் படமெடுப்பவர் அப்படத்திலிருந்து தம்மை முற்றிலும் மறைத்துக்கொள்வது கடினம்.

இந்தப் பிம்பங்கள் குமிழியின் மேற்பரப்பில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தொலைவிலுள்ள பொருட்களின் நேரான பிம்பம் குமிழியின் மையத்துக்கு முன்னாலும், தலைகீழான பிம்பம் மையத்துக்குப் பின்னாலும் அமைகின்றன. ஆகவே குமிழியின் விளிம்பைக் கூர்மையாக்கினால் பிம்பங்கள் மங்கக்கூடும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் மூன்றும் ஓரளவு தெளிவாக விழும்.

தன்மீது நேராக விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட குமிழி திருப்பி அனுப்புவதில்லை. மற்றதெல்லாம் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. இதனால்தான் இருண்ட பின்னணியும், வானம் அல்லது பெரிய ஜன்னல் போன்ற விரிந்த ஒளி மூலமும் தேவைப்படுகின்றன. குமிழியின் நீர் விரைவில் ஆவியாகாதிருக்க சோப்புக் கரைசலில் கிளிசரின் சேர்க்கிறார்கள். காற்று அடங்கிய, ஈரப்பதம் மிகுந்த காலை நேரம் இதற்கு உகந்தது.

நிறம் சொல்லும் தடிமன்

சோப்புப் படலத்தில் சாயம் எதுவும் இல்லை. அதன் வெளிப்பரப்பிலும் உட்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிகின்றன. எந்த நிறம் எஞ்சும் என்பதைப் படலத்தின் தடிமனும் பார்க்கும் கோணமும் தீர்மானிக்கின்றன. இந்தத் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்.

புவியீர்ப்பால் நீர் கீழே வடிவதால் குமிழியின் உச்சி மெலிகிறது. மிகவும் மெலிந்த இடத்தில் நிறங்கள் மறைந்து கருமை தோன்றும். இந்தக் கரும்புள்ளிகளை ஐசக் நியூட்டன் 1704ல் வெளியான தமது "ஆப்டிக்ஸ்" நூலில் விவரித்தார். ஆகவே வண்ணப் புகைப்படம் ஒன்று, அந்தக் கணத்தில் படலம் எங்கே தடித்திருந்தது, எங்கே மெலிந்திருந்தது என்பதைக் காட்டும் வரைபடமாகவும் ஆகிறது.

குமிழி உடையும் கணத்தைப் படம்பிடிக்கும் முயற்சியும் பழையதே. பிரிட்டிஷ் விஞ்ஞானி ரேலி பிரபு, மின்பொறியின் ஒளியில் எடுக்கப்பட்ட உடையும் சோப்புப் படலத்தின் படங்களை 1891ல் லண்டனில் காட்டினார். லூசியன் புல் 1904ல் பாரிஸில், சோப்புக் குமிழியைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துச் செல்வதைப் படமாக்கினார்.

சிட்னியிலிருந்து பீஜிங்குக்கு

குமிழியின் விதிகள் கட்டடக் கலைக்கும் உதவியுள்ளன. ஒரே கன அளவுள்ள குமிழிகளாக வெளியைப் பிரிக்கும்போது, அவற்றுக்கு இடையிலான சுவர்களின் பரப்பு மிகக் குறைவாக இருக்க எந்த வடிவம் வேண்டும் என்ற கேள்வியை கெல்வின் பிரபு 1887ல் எழுப்பி, ஒரு விடையையும் முன்வைத்தார். அதைவிடச் சுமார் 0.3 சதவீதம் குறைந்த பரப்புள்ள அமைப்பை டப்ளினைச் சேர்ந்த டெனிஸ் வியர், ராபர்ட் ஃபெலன் ஆகியோர் 1993ல் கண்டறிந்தனர்.

அந்த அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, சிட்னியின் பிடிடபிள்யூ கட்டடக்கலை நிறுவனமும் அரூப் பொறியியல் நிறுவனமும் சீன நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து வடிவமைத்ததே, 2008 பீஜிங் ஒலிம்பிக் நீச்சல் போட்டிகள் நடந்த "வாட்டர் கியூப்" அரங்கம். உருக்குச் சட்டங்களில் பொருத்தப்பட்ட, காற்று நிரப்பிய பிளாஸ்டிக் மெத்தைகளே அதன் சுவர்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் போட்டிகளும் அங்கே நடைபெற்றன.

ஒவ்வொரு குமிழியும் உடைந்தே தீரும் என்பதில் பழந்தமிழ்ப் புலவர்கள் தவறவில்லை. ஆனால் அடுத்து ஊதப்படும் குமிழியும் அதே வட்ட வடிவில், அதே இரு பிம்பங்களுடன்தான் எழும். அதன் புகைப்படத்தில் எஞ்சுவது குமிழியின் அழகு மட்டுமல்ல, அது கீழ்ப்படிந்த விதியும்தான்.