வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் பட்டப்படிப்பு வழி

வானில் செல்லும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காதபடி உயரத்தில் பொதுவாக 1,000 அடி இடைவெளியேனும் காத்து, வானொலி வழியே விமானிகளுக்கு ஆணையிடும் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குப் பெருந்தொகை செலவிடும் தனியார் பயிற்சியே வாயில் என்று வத்தலக்குண்டு போன்ற ஊர்களின் பெற்றோர் எண்ணி ஒதுங்குவது வருந்தத்தக்கது. இந்திய விமான நிலைய ஆணையம் இப்பணிக்கான இளநிலை நிர்வாகி என்னும் பதவிக்குக் கேட்பது இயற்பியலும் கணிதமும் அடங்கிய மூன்றாண்டு அறிவியல் பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பருவத்தில் இவ்விரண்டையும் பயின்று பெற்ற பொறியியல் பட்டம் மட்டுமே. இத்தகைய அறிவியல் பட்டத்தைத் திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளிலேயே பெறலாம். ஆயினும் இயற்பியல் மாணவர் துணைப்பாடமான கணிதத்தைப் புறக்கணிக்கலாகாது, ஏனெனில் ஆணையத்தின் கணினிவழித் தேர்வின் கணிசமான பகுதி இவ்விரு பாடங்களையே சார்ந்தது. பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 27. கணினிவழித் தேர்வில் வென்றோரும் தெளிவாகப் பேசும் திறனை அளக்கும் குரல் தேர்வில் தடுமாறக்கூடும் என்பதால், தமிழ்வழியில் பயின்றோர் கல்லூரியின் முதலாண்டிலிருந்தே ஆங்கிலப் பேச்சுப்பயிற்சி பெறுவது மிக இன்றியமையாதது. தேர்வானோருக்குப் பிரயாக்ராஜ், ஐதராபாத் முதலிய இடங்களிலுள்ள நிலையங்களில் ஆணையமே பயிற்சியளிக்கிறது.